தண்ணீரில் சிக்கனமும் சுன்னத்தே

 

வீண் விரயம் கூடாது என்பதை அறியாத முஸ்லிம் இல்லை. கல்யாண வீட்டில் சோறு மண்ணில் கொட்டிக் கிடப்பதைக் கண்டால் நம் மனம் பதறுகிறது. தகப்பனார் தேடி வைத்த சொத்தை மகன் அழிப்பதைக் கண்டால் வருந்துகிறோம். ஆனால் குழாயிலிருந்து தண்ணீர் வீணாக ஓடுவதைக் கண்டு பதறுகிறவர் மிகச் சிலரே. செலவாளியைப் பற்றிப் பேசும்போது, காசைத் தண்ணீராய்ச் செலவழிக்கிறான் என்கிறோம். கணக்குப் பார்க்காமல் செலவழிக்க வேண்டிய பொருள் தண்ணீர்தான் என்று நாம் முடிவு கட்டிவிட்டதை இந்தப் பேச்சே காட்டுகிறது.

இதைவிடக் கவலைக்குரிய எண்ணம் ஒன்று உண்டு. ஒளுவுக்கும் குளிப்புக்கும் எவ்வளவுக்கெவ்வளவு தண்ணீர் செலவாகிறதோ, அவ்வளவுக்கவ்வளவு பேணுதல் கூடும் என்று சிலர் நினைக்கிறார்கள். இந்த நினைப்பு சரியா, நம் இமாம்கள் இதில் என்ன சட்டம் சொல்லியிருக்கிறார்கள், வீட்டிலும் கொல்லையிலும் நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பவற்றை இங்கே பார்ப்போம்.

அளவோடு இறங்கும் அருள்

அல்லாஹுத்தஆலா வானத்திலிருந்து தண்ணீரை ஓர் அளவோடு இறக்கிப் பூமியில் தங்க வைப்பதாகவும், அதைப் போக்கிவிடவும் தனக்கு ஆற்றல் உண்டு என்றும் 'அல்முஃமினூன்' அத்தியாயத்தின் 18-வது வசனத்தில் அறிவிக்கிறான். நம்முடைய தண்ணீர் பூமிக்குள் ஆழ்ந்து போய்விட்டால், ஓடும் தண்ணீரை நமக்குக் கொண்டு வருபவர் யார் என்ற கேள்வியுடன் 'அல்முல்க்' அத்தியாயம் முடிவடைகிறது. இரவு தோறும் அந்த அத்தியாயத்தை ஓதிவிட்டுப் படுக்கிற வீடுகள் நம்மில் எத்தனையோ உண்டு. ஓதிய வாயோடு போய் கிணற்றை எட்டிப் பார்த்தால் அந்தக் கேள்வியின் கனம் விளங்கும்.

2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கும் ஏரிகள் வறண்டு போயின. ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து இரயில் வண்டியில் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. பணம் படைத்தவரும் குடத்தோடு காத்து நின்ற காலம் அது. பணத்தால் லாரியை வரவழைக்கலாம். தண்ணீரை உண்டாக்க முடியாது. அளவோடு இறக்கப்பட்ட பொருளை அளவின்றிச் செலவழிப்பது, கொடுத்தவனின் ஏற்பாட்டையே மதிக்காத செயலாகும்.

நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய அளவு

நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவுத் தண்ணீரில் ஒளு செய்வார்கள் என்றும், ஒரு 'ஸாவு' முதல் ஐந்து முத்து வரையிலான தண்ணீரில் குளிப்பார்கள் என்றும் ஹஜ்ரத் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. நடுத்தர ஆள் ஒருவர் இரு கைகளையும் சேர்த்து அள்ளினால் கொள்ளும் அளவே முத்து ஆகும். நான்கு முத்துகள் ஒரு ஸாவு. ஷாபிஈ மத்ஹபின் கணக்கைவிட ஹனஃபி மத்ஹபின் கணக்கில் இந்த அளவு சற்றுக் கூடும். எப்படிக் கணக்கிட்டாலும் ஒளுவின் தண்ணீர் ஏறத்தாழ ஒரு லிட்டருக்குள் அடங்கிவிடும்.

ஒரு ஸாவு குளிக்கப் போதும் என்று ஹஜ்ரத் ஜாபிர் (ரலி) அவர்கள் கூறியபோது, எனக்குப் போதாது என்று ஒருவர் மறுத்தார். உம்மைவிட அடர்ந்த முடியும் உம்மைவிட மேன்மையும் உடையவருக்கே அது போதுமாக இருந்ததே என்று ஜாபிர் (ரலி) அவர்கள் பதில் கூறினார்கள். அவர்கள் குறிப்பிட்டது நாயகம் (ஸல்) அவர்களையே. இதுவும் புகாரியில் உள்ள செய்திதான். தண்ணீரை அதிகம் கொட்டுவதால் பேணுதல் வரும் என்றால், அதை நமக்கு முன்னால் செய்து காட்டியிருக்க வேண்டியவர்கள் அவர்களல்லவா?

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த அளவுக்கு மேல் ஒரு சொட்டும் கூடாது என்பது சட்டமல்ல. உறுப்புகள் முழுமையாக நனைய வேண்டும் என்பதே பர்ளு. குதிகால் நனையாமல் ஒளு செய்தவர்களை நபி (ஸல்) அவர்கள் நரகத்தைச் சொல்லிக் கடுமையாக எச்சரித்திருக்கிறார்கள். ஆகவே சிக்கனம் என்ற பெயரில் அரைகுறையாக ஒளு செய்வதும் தவறு. முழுமை என்ற பெயரில் வாளி வாளியாகக் கொட்டுவதும் தவறு. குறையாமலும் மிகையாமலும் செய்வதே சுன்னத்தான வழி.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒளுவின் உறுப்புகளை மும்மூன்று முறை கழுவுவது சுன்னத்து. மூன்றுக்கு மேல் கழுவுவது மக்ரூஹ். அதற்கு மேல் கூட்டியவர் வரம்பு மீறிவிட்டார் என்ற கருத்துள்ள ஹதீஸை அபூதாவூத், நஸயீ முதலிய இமாம்கள் பதிவு செய்துள்ளனர். ஓடும் ஆற்றின் கரையில் இருந்தாலும் ஒளுவில் விரயம் கூடாது என ஹஜ்ரத் ஸஃது (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் உணர்த்தியதாக இப்னுமாஜாவில் ஒரு ஹதீஸ் உண்டு. அதன் அறிவிப்பாளர் வரிசையில் பலவீனம் உண்டென்று ஹதீஸ் கலை வல்லார் கூறினாலும், ஆற்றங்கரையிலும் விரயம் மக்ரூஹ் என்பதையே ஃபுகஹாக்கள் சட்டமாக எழுதியிருக்கிறார்கள்.

இப்போது சொல்லப்போவது முக்கியமான மஸ்அலா. பள்ளிவாசல் ஹவுளிலும் குழாயிலும் உள்ள தண்ணீர் வக்ஃபு செய்யப்பட்ட தண்ணீராகும். அதில் மூன்றுக்கு மேல் கழுவி விரயம் செய்வது மக்ரூஹ் என்ற அளவில் நிற்பதில்லை, அது ஹராம். ஷாபிஈ மத்ஹபில் நம் மதரஸாக்களில் ஓதப்படும் 'ஃபத்ஹுல் முஈன்' கிதாபிலும், ஹனஃபி மத்ஹபில் 'துர்ருல் முக்தார்' கிதாபிலும் இச்சட்டம் உள்ளது. துர்ருல் முக்தாரில் மதரஸாக்களின் தண்ணீரும் இதில் சேர்த்துச் சொல்லப்பட்டிருக்கிறது. வீட்டில் ஒரு சொட்டையும் எண்ணிச் செலவழிக்கும் சிலர், பள்ளிக்கு வந்ததும் குழாயை முழுவதும் திறந்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் ஊர்க்கதை பேசுகிறார்கள். நன்மை தேடி வந்த இடத்தில் ஹராமைச் சம்பாதித்துக்கொண்டு ஸஃப்பில் போய் நிற்கலாமா? முத்தவல்லிகளும் ஒழுகும் குழாய்களை உடனுக்குடன் சீர்செய்ய வேண்டும். வக்ஃபைப் பாதுகாக்கும் பொறுப்பில் அதுவும் அடங்கும்.

வஸ்வாஸ் என்னும் நோய்

சிலருக்கு எத்தனை முறை கழுவினாலும் மனம் அமைதி அடைவதில்லை. கை நனைந்ததா, முழங்கை நனைந்ததா, நிய்யத்து சரியாக இருந்ததா என்று மீண்டும் மீண்டும் கழுவுவார்கள். இது பேணுதல் அல்ல, ஷைத்தானின் ஊசலாட்டம். சுத்தம் செய்வதில் வரம்பு மீறும் கூட்டத்தார் இந்த உம்மத்தில் தோன்றுவார்கள் என நபி (ஸல்) அவர்கள் முன்பே எச்சரித்திருக்கிறார்கள்.

இதற்கு ஷாபிஈ இமாம்கள் எளிய வழி சொல்லியிருக்கிறார்கள். கழுவிக்கொண்டிருக்கும்போது இரண்டு முறையா மூன்று முறையா என்ற சந்தேகம் வந்தால் இரண்டு என்று வைத்துக்கொண்டு இன்னொரு முறை கழுவிவிட வேண்டும். ஒளு முடிந்த பிறகு வரும் சந்தேகத்தைப் பொருட்படுத்தத் தேவையில்லை. இந்த நோய் உள்ளவர்கள் அளந்து எடுத்த தண்ணீரிலேயே ஒளு செய்யப் பழகுவது நல்லது. தண்ணீர் தீர்ந்ததும் ஒளுவும் முடிந்தது என்ற உறுதி மனத்தில் பதிந்துவிடும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

முதலில் ஒரு சோதனை. குழாயின் கீழே வாளியை வைத்து, வழக்கம்போல் ஒளு செய்து, வாளியில் விழுந்த தண்ணீரை அளந்து பாருங்கள். உதாரணமாக 6 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் உள்ள குடும்பத்தில் ஐவேளையும் சேர்த்து ஒரு நாளைக்கு 25 ஒளு. அதற்கு 150 லிட்டர் ஆகிறது. ஒளுவுக்கு ஒரு லிட்டர் என்றால் 25 லிட்டரே ஆகும். நாளொன்றுக்கு 125 லிட்டர், மாதத்திற்கு 3,750 லிட்டர் மிச்சம்!

நம் முன்னோர் வீடுகளில் மூக்கு வைத்த கெண்டி இருந்தது. அதில் மார்க்க நுட்பமும் அடங்கியிருந்தது. ஷாபிஈ மத்ஹபில், இரண்டு 'குல்லத்'துக்குக் குறைந்த தண்ணீரில் முகம் கழுவிய பின், தண்ணீரை அள்ளி எடுக்கிறேன் என்ற எண்ணமின்றிக் கையை விட்டால் அத்தண்ணீர் 'முஸ்தஃமல்', அதாவது பயன்படுத்தப்பட்ட தண்ணீர் ஆகிவிடும். அதைக் கொண்டு மீண்டும் ஒளு செய்ய முடியாது. இதற்கு அஞ்சியே பலர் குழாயை விட்டு விலகுவதில்லை. கெண்டியிலிருந்து சாய்த்து ஊற்றும்போது இந்தச் சிக்கலே எழாது. தண்ணீரும் அளவோடு விழும். கெண்டி இல்லாத வீட்டில் ஒரு செம்பு போதும். கையை உள்ளே விடாமல் சாய்த்து ஊற்றினால் சரி. குழாய்தான் வசதி என்றால் நூல் போல் மெல்லியதாகத் திறந்துகொள்ளுங்கள். மிஸ்வாக்குச் செய்யும்போதும், தலைக்கு மஸ்ஹு செய்யும்போதும் குழாய் திறந்திருக்க வேண்டியதில்லை.

உறுப்புகளைத் தேய்த்துக் கழுவுவது சுன்னத்து. தேய்த்தால் குறைந்த தண்ணீரும் எங்கும் பரவும். தேய்க்காமல் ஊற்றினால் எவ்வளவு ஊற்றினாலும் மடிப்பான இடங்கள் தப்பிவிடும். ஷாபிஈ மத்ஹபினர் ஒரு கை தண்ணீரிலேயே வாய் கொப்புளித்து மூக்குக்கும் செலுத்தி, இவ்வாறு மூன்று கை தண்ணீரில் இரண்டையும் முடிப்பது சிறப்பு. ஹனஃபி மத்ஹபினர் இரண்டையும் தனித்தனியே செய்வார்கள். அவரவர் மத்ஹபின்படி அவரவர் செய்யட்டும்.

குளிப்புக்கு ஒரு வாளி தாராளமாகப் போதும். முதலில் உடலில் நஜீஸ் இருந்தால் அதை நீக்கிவிட வேண்டும். பிறகு முடியின் அடிவரை, உடல் முழுவதும் தண்ணீர் சேர வேண்டும். ஹனஃபி மத்ஹபில் வாய் கொப்புளிப்பதும் மூக்குக்குத் தண்ணீர் செலுத்துவதும் குளிப்பில் பர்ளு. தலைக்கு மேலே பூவாளிக் குழாயைத் திறந்துவிட்டுச் சோப்புத் தேய்த்துக்கொண்டு நிற்பது எந்த மத்ஹபிலும் சுன்னத்து அல்ல!

ஒழுகும் குழாயை அற்பமாக நினைக்காதீர்கள். விநாடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஒரு நாளில் 86,400 சொட்டுகள். சிறு சொட்டுகளாக இருந்தாலும் அது நான்கு லிட்டருக்குக் குறையாது. அதாவது நாயகம் (ஸல்) அவர்கள் ஒளு செய்த அளவில் நான்கு ஒளுவுக்கு மேல், யாருக்கும் பயனின்றிச் சாக்கடைக்குப் போகிறது. சில ரூபாய் விலையுள்ள வாசரை மாற்றினால் அது நின்றுவிடும்.

கொல்லைக்குப் போகட்டும்

ஒளுச் செய்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா என்று தாய்மார்கள் சிலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டியதில்லை. முஸ்தஃமல் தண்ணீர் மீண்டும் ஒளுவுக்குத்தான் ஆகாது. அது சுத்தமான தண்ணீரே. ஷாபிஈ, ஹனஃபி இரு மத்ஹபுகளிலும் ஃபத்வா அவ்வாறே உள்ளது. கடமையான குளிப்பின் தண்ணீருக்கும் இதே சட்டம்தான். நஜீஸைக் கழுவிய தண்ணீரை மட்டும் வேறாக, நடமாடும் இடத்தில் தெறிக்காதபடி விட்டுவிடுங்கள்.

ஒளுத் தண்ணீரில் சோப்பு இல்லாததால் அதைக் கீரைப் பாத்திக்கும், கறிவேப்பிலைக்கும், மருதாணிச் செடிக்கும் விடலாம். அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய தண்ணீரும் அவ்வாறே. குளித்த தண்ணீரில் சிறிது சோப்பு கலந்திருக்கும். வாழைக்கும் தென்னைக்கும் அதை வாய்க்கால் வெட்டி விடுங்கள். சலவைத் தூள் கலந்த தண்ணீரை மட்டும் ஒரே இடத்தில் தொடர்ந்து விடாதீர்கள். நாளடைவில் மண் இறுகித் தண்ணீரை உள்ளே விடாமல் போய்விடும்.

செடிக்கு ஊற்றுவதிலும் முறை உண்டு. உச்சி வெயிலில் ஊற்றினால் பெரும்பகுதி ஆவியாகிவிடும். ஸுப்ஹுக்குப் பின்னோ அஸருக்குப் பின்னோ ஊற்றுங்கள். செடியைச் சுற்றிக் காய்ந்த இலை, சருகு, வைக்கோல் ஆகியவற்றைப் பரப்பி மூடாக்குப் போட்டால் ஈரம் பல நாள் நிற்கும். தென்னை மரத்தைச் சுற்றிக் குழி எடுத்துத் தேங்காய் மட்டைகளைப் புதைத்தால், அவை தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு வேருக்கு மெல்லக் கொடுக்கும். இளங்கன்றின் அருகே சுட்ட மண் பானையைக் கழுத்தளவு புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடி வைத்தால், பானையின் நுண்ணிய துளைகள் வழியே கசிந்து கன்று பிழைத்துக்கொள்ளும். முருங்கையோ வேரூன்றிய பின் நம்மிடம் அதிகம் கேட்பதில்லை.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ, பறவையோ, கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதகா ஆகும் என்று ஹதீஸ்களில் வந்துள்ளது. ஒளுவினால் ஒரு நன்மை, அதே தண்ணீரில் வளர்ந்த மரத்தினால் இன்னொரு நன்மை. பிள்ளைகளிடம் ஆளுக்கொரு செடியை ஒப்படைத்து, தத்தம் ஒளுத் தண்ணீரை அதற்கு ஊற்றச் சொல்லுங்கள். தொழுகையும் பழகும், செடியும் வளரும்.

கிணறு யாருக்குச் சொந்தம்?

என் கிணறு, என் மோட்டார், என் கரண்டு, எவ்வளவு இறைத்தால் யாருக்கு என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கிணறு உங்களுடையதாக இருக்கலாம். ஆனால் கிணற்றுக்கு வரும் ஊற்று மதிலுக்குக் கட்டுப்பட்டதல்ல.

நம் மக்கள் மிகுதியாக வாழும் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் உள்ளவர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். கடலோரத்து மண்ணுக்குள் நல்ல தண்ணீர், கனமான உப்புத் தண்ணீரின் மீது மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் ஓர் அடி உயரம் நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் அறிஞர்களின் கணக்கு. அப்படியானால் மேலே ஓர் அடி குறையும்போது கீழிருந்து உப்புத் தண்ணீர் அந்த அளவுக்கு ஏறிவரத் தொடங்கும். ஒரு வீட்டில் மோட்டார் போட்டு வாசலையும் வண்டியையும் தினமும் கழுவ, அடுத்த வீட்டு ஏழைப் பெண்ணின் கிணறு உப்பாகிறது. அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக நடக்கிறாள். ஒளுவில் செய்த விரயத்திற்குத் தவ்பா செய்து அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்கலாம். அண்டை வீட்டாருக்குச் செய்த தீங்கை அந்த அண்டை வீட்டாரே மன்னிக்க வேண்டுமே!

மதீனாவில் ஹஜ்ரத் ஜுபைர் (ரலி) அவர்களுக்கும் ஓர் அன்ஸாரித் தோழருக்கும் வாய்க்கால் தண்ணீர் பற்றி வழக்கு வந்தது. மேட்டுத் தோட்டக்காரர் தேவையான அளவு பாய்ச்சிக்கொண்டு, பிறகு கீழ்த் தோட்டத்திற்கு விட்டுவிட வேண்டும் என்ற முறை அதில் நிலைநாட்டப்பட்டது. அந்த அளவும் கணுக்கால் உயரம் என்று கணக்கிடப்பட்டது. முதலில் எடுக்கும் உரிமை உள்ளவருக்கும் அளவு உண்டு என்பதே இதிலிருந்து பெறும் பாடம்.

எடுப்பதோடு நின்றுவிடாமல் பூமிக்குத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். 500 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 460 லிட்டர் தண்ணீர் விழுகிறது. ஆண்டுக்கு 80 சென்டிமீட்டர் பெய்யும் ஊரில் இது சுமார் 37,000 லிட்டர் ஆகும். 2003-ஆம் ஆண்டில் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அப்போது வைத்த குழாய்கள் பல வீடுகளில் உடைந்தும் அடைபட்டும் கிடக்கின்றன. ஐப்பசி மழைக்கு முன் மாடியைக் கூட்டி, குழாயைச் சரிபார்த்து, மழைத் தண்ணீரைக் கிணற்றருகே உள்ள குழியில் மணல், ஜல்லி வழியாக இறங்க விடுங்கள். அந்தத் தண்ணீர் உங்கள் ஊற்றுக்கும் சேரும். அண்டை வீட்டு ஊற்றுக்கும் சேரும்.

மிச்சமானது ஸதகா ஆகட்டும்

தம் தாயார் இறந்தபின், எந்த ஸதகா சிறந்தது என்று ஹஜ்ரத் ஸஃது இப்னு உபாதா (ரலி) அவர்கள் கேட்டபோது, தண்ணீர் என்று நபி (ஸல்) அவர்கள் விடை பகர்ந்தார்கள். அவர்கள் தம் தாயாருக்காகக் கிணறு தோண்டினார்கள். ஹஜ்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி முஸ்லிம்களுக்குப் பொதுவாக்கினார்கள். தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டதையும் ஹதீஸ்களில் படிக்கிறோம்.

நம்மால் கிணறு தோண்டி வக்ஃபு செய்ய முடியாமல் இருக்கலாம். ஆனால் ஒளுவில் ஐந்து லிட்டரை மிச்சப்படுத்த முடியும். வாசலில் வழிப்போக்கருக்கு ஒரு பானைத் தண்ணீர் வைக்க முடியும். மதில் மேல் காக்கை குருவிக்கு ஒரு சட்டித் தண்ணீர் வைக்க முடியும். கிணறு வற்றிய வீட்டாரைக் கூப்பிட்டு இரண்டு குடம் கொடுக்க முடியும்.

நாளை ஸுப்ஹுத் தொழுகைக்கு எழுந்திருக்கும்போது ஒரு லிட்டர் தண்ணீரைக் கெண்டியிலோ செம்பிலோ எடுத்து, தேய்த்துக் கழுவி, நிறைவாக ஒளு செய்து பாருங்கள். முதல் நாள் சிறிது தடுமாறும். நான்கைந்து நாளில் கை பழகிவிடும். வீட்டுப் பெரியவர்கள் செய்தால் பிள்ளைகள் தாமே பின்பற்றுவார்கள்.

யா அல்லாஹ்! நீ அளவோடு இறக்கும் அருளை நாங்கள் அளவோடு பயன்படுத்த எங்களுக்குத் தௌஃபீக் செய்வாயாக! எங்கள் கிணறுகளை வற்றாமலும் உப்பாகாமலும் காப்பாயாக! எங்களால் எங்கள் அண்டை வீட்டார் தாகத்தால் வாடும் நிலையை ஏற்படுத்தாதிருப்பாயாக! ஆமீன்.